முப்பதாண்டு இறுமாப்பு

அன்பும் கொஞ்சம் பயமுமாக அக்காவுக்கு,

உன் தம்பி, நம் கேக் கடையின் பின்பக்கத்தில் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். மகள் வீட்டில் நீயும் அவளும் புதிதாக வந்திருக்கும் பேத்திக் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். குட்டி பகலெல்லாம் தூங்கி ராத்திரியெல்லாம் கூத்தடிக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். விடு, அவளுக்கு இன்னும் கடிகாரம் பார்க்கத் தெரியாது. இங்கே நானும் உன் தம்பி மனைவியும் நலம். அத்தானும் நலம் என்று ஒரு வரி எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்த ஒரு வரியை நீ நம்பவேண்டுமானால் அதற்கு முன் பல பக்கம் எழுத வேண்டியிருக்கிறது.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் "இறு" என்று தொடங்கும்போதே நீ "இன்னொரு தடவை அந்த வார்த்தையை என் காதுல போடாதே" என்று வைத்துவிடுகிறாய். அத்தான் உனக்கு அனுப்பிய செய்தியை நானும் பார்த்தேன். "உன் தம்பி என்னை முப்பது பேர் முன்னால் கிரீமில் அறைந்துவிட்டான்" என்று இருந்தது. அக்கா, அறைந்தது நான் இல்லை. மாவு பிசைகிற மெஷின். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படி.

அத்தான் ஓய்வுபெறுகிற நாளுக்கு முந்தைய நாள் காலை, குடிநீர் அலுவலகத்திலிருந்து தட்டச்சுக்காரம்மா கடைக்குப் போன் செய்தார். மறுநாள் சாருக்குப் பிரிவு உபசார விழா, பெரிய வட்ட கேக் ஒன்று வேண்டும், அதன்மேல் "தங்கள் முப்பதாண்டுப் பணியைக் கண்டு இறும்பூது எய்துகிறோம், நன்றி, வணக்கம்" என்று எழுத வேண்டும் என்றார். பின்னால் மெஷின் சரியான நேரம் பார்த்து கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு 'பூ' மட்டும்தான் காதில் விழுந்தது.

"என்னம்மா, பூச்சியா?" என்று கேட்டேன்.

"பூச்சி இல்லீங்க. பூது. இறும்பூது."

"இரும்புப் பூதமா?"

"ஐயோ, பூதம் எல்லாம் இல்லீங்க! ரொம்பப் பெருமைப்படறதுக்கு ஒரு பெரிய வார்த்தை இருக்கே, அது. சாதாரணமா எழுதினா சார் மூஞ்சியைச் சுளிப்பாரு. அதான் நாங்க எல்லாரும் சேர்ந்து தேடிப் பிடிச்சோம்."

"ஓ, அதுவா! எனக்குத் தெரியும்மா, மேடையில எல்லாரும் சொல்றதுதானே!" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு யோசித்தேன். 'இறு' என்று தொடங்குகிறது, பெருமையைச் சொல்கிறது, மேடையில் வருகிறது. அப்படி ஒரு சொல் எனக்கு நன்றாகத் தெரியும். இறுமாப்பு! அது நல்ல சொல்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. காரணம், அத்தான் நல்ல மனநிலையில் இருக்கும்போது என்னை "மாப்பு" என்றுதான் கூப்பிடுவார். மாப்பு என்று முடிகிற சொல் கெட்ட சொல்லாக எப்படி இருக்க முடியும், நீயே சொல்.

அடுத்த சிக்கல் இடம். கேக் வட்டமானது, தமிழ் நீளமானது. அத்தனையையும் எழுதினால் கடைசி எழுத்துகள் தட்டில்தான் விழும். எனவே எல்லா கேக்குக்கும் செய்வதுபோல வாசகத்தைப் பிழிந்து சாரத்தை மட்டும் எடுத்தேன். இருபக்கமும் ஒவ்வொரு ரோஜா வைத்து நடுவில் எழுதியது இதுதான்: "முப்பதாண்டு இறுமாப்பு! நன்றி, வணக்கம்." எழுத்து ஒவ்வொன்றும் முத்து முத்தாக வந்திருந்தது அக்கா. அதை மட்டும் இன்றுவரை ஒருத்தரும் சொல்லவில்லை.

என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இது ஒரு மாதிரி இருக்கே" என்றாள். என்ன மாதிரி என்று கேட்டேன். "தெரியல. படிச்சா உங்க அத்தானே நேர்ல வந்து நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

விழா அன்று சாயங்காலம் நானே கேக்கைக் கொண்டுபோனேன். அந்தக் கூட்ட அறையை நீ பார்த்ததில்லையே, நான்கு சுவரிலும் குழாய் வரைபடம், நடுவில் நீள மேசை, மூலையில் காலி நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கும். அத்தான் தலைமைக் கண்காணிப்பாளர் அல்லவா, நடு நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். ஆட்கள் உள்ளே வரும்போது வணக்கம் சொன்னார்கள். அவர் வழக்கம்போல ஒரு புருவத்தை மட்டும் தூக்கிப் பதில் வணக்கம் சொன்னார். பெட்டியைத் திறந்தேன். அத்தான் எழுந்து, கத்தியைக் கையில் வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எந்தக் காகிதத்தையும் உரக்கப் படித்தே பழகிய மனுஷன், இதையும் உரக்கப் படித்துவிட்டார்.

"முப்பதாண்டு இறுமாப்பு. நன்றி. வணக்கம்."

பிறகு கடைசி வரிசையில் யாரோ ஒருத்தர் நன்றாகக் கைதட்டினார். சொல் தெரியாமல் தட்டினாரா, தெரிந்து தட்டினாரா என்று இன்னும் விசாரணை நடக்கிறது.

"யார் எழுதினது இது?" என்றார் அத்தான். குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் பரவாயில்லை.

தட்டச்சுக்காரம்மா அழாத குறையாக, "சார், சத்தியமா நாங்க சொன்னது இறும்பூது சார்" என்றார்.

நான் முன்னால் போய், "ரெண்டும் பெருமைதானே அத்தான்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இறும்பூதுன்னா இன்னொருத்தர் பெருமையைப் பார்த்து நாம வியந்து நிக்கிறது மாப்ளே. இறுமாப்புன்னா நம்ம பெருமையைப் பார்த்து நாமளே வியந்து நிக்கிறது. முதலாவது வந்தா மாலை போடுவாங்க. ரெண்டாவது வந்தா முதுகுக்குப் பின்னால சிரிப்பாங்க" என்றார். சொல்லும்போதே அவர் குரல் கடைசியில் கொஞ்சம் இறங்கியது. யாராவது அப்படிச் சிரித்திருக்கிறார்களா என்று முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாரும் அந்த நேரம் பார்த்துக் குழாய் வரைபடத்தைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நிலைமையைச் சரிசெய்யலாம் என்று நான் தட்டைக் கத்தியை எடுத்து 'மாப்பு' என்பதை மட்டும் வழித்தேன். அந்த இடத்தில் 'பூது' எழுதவேண்டியதுதான் பாக்கி. கிரீம் கோனைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆக, மேசைமேல் இருந்த கேக் இப்போது "முப்பதாண்டு இறு! நன்றி, வணக்கம்" என்றது. அத்தான் அதையும் உரக்கப் படித்துவிட்டு, "முன்னதே தேவலை" என்றார்.

அங்கே ஒரு கணக்கர் இருக்கிறார், நல்ல மனசுக்காரர், ஆனால் வாயைத் திறக்கக் கூடாதவர். அவர் எழுந்து ஆறுதல் சொன்னார். "சார், இறுமாப்புன்னு எல்லாம் சொல்லிட முடியாது சார். கொஞ்சம் தலைக்கனம், அவ்வளவுதான்."

"தலைக்கனம்னு சொல்லாதீங்க. அது சின்னப் பசங்களுக்கு வர்றது. சாருக்கு இருக்கறது கர்வம்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"கர்வத்துக்கும் திமிருக்கும் என்னங்க வித்தியாசம்?" என்று தட்டச்சுக்காரம்மா அப்பாவியாகக் கேட்க, விழா அதோடு கைவிட்டுப் போய்விட்டது. அகந்தை என்றார் ஒருத்தர். ஆணவம் என்றார் இன்னொருத்தர். மமதை என்பது பணக்காரர்களுக்குத்தான், சாருக்குப் பொருந்தாது என்று அத்தான் பக்கம் நியாயம் பேசினார் மூன்றாமவர். கணக்கர் கடைசியில் தொகுத்து முடித்தார்: "காரணம் இருந்தா கர்வம். காரணமே இல்லைன்னா திமிர். காரணம் இருக்குன்னு அவரா நினைச்சுக்கிட்டா அது இறுமாப்பு. நம்ம சார் விஷயத்துல, காரணம் இருக்கு சார், இருக்கு. அதனால கர்வம்னே வச்சுக்கலாம்." எல்லாரும் தலையாட்டினார்கள். இத்தனையும் அத்தான் கையில் கத்தியோடு நின்றுகொண்டிருக்கும்போதே நடந்தது.

அத்தான் மெதுவாக, "இவ்வளவு யோசிச்சு வச்சிருக்கீங்களா என்னைப் பத்தி?" என்று கேட்டார்.

அலுவலக வண்டி ஓட்டுநர் கதவோரம் நின்றிருந்தார். அவர்தான் சொன்னார். "வார்த்தை எல்லாம் எனக்குத் தெரியாது சார். ஏழு வருஷமா உங்களுக்கு வண்டி ஓட்டறேன். ஒரு நாள்கூட நீங்க முதல்ல ஒரு பேச்சுப் பேசினது இல்ல. நான் ஏதாவது கேட்டாலும் 'நேரா போ'ம்பீங்க. அதுல ஒரு நாள் என் பொண்ணு பாஸானதைச் சொல்ல வந்தேன் சார். நேரா போன்னுட்டீங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை அக்கா. அதுதான் பாடாய்ப் படுத்தியது. அத்தான் கத்தியை மேசைமேல் வைத்தார். வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தே போனார். கேக்கை யாரும் வெட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எல்லாரும் சாப்பிட்டார்கள், அது வேறு.

மறுநாள் காலையில் ரொட்டியும் பன்னும் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். மூன்று தடவை மணி அடித்த பிறகுதான் கதவைத் திறந்தார். சவரம் செய்யவில்லை. சாப்பாட்டு மேசைமேல் அகராதி விரித்தபடி கிடந்தது. உட்காரச் சொல்லவில்லை, ஆனால் திட்டவும் இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. திட்டாத அத்தானை நான் பார்த்ததில்லை.

"உங்க அக்கா என்னைப் பத்தி இந்த வார்த்தையைச் சொல்லியிருக்காளா?" என்று கேட்டார்.

"இந்த வார்த்தையைச் சொன்னதில்ல அத்தான்."

"வேற வார்த்தை?"

அக்கா, என்னை மன்னித்துவிடு. அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "'உன் அத்தான் தரையில நடக்கறதே நமக்கெல்லாம் போடற பிச்சைடா'ன்னு சொல்லியிருக்கா" என்றேன்.

"எப்போ சொன்னா?"

"போன மாசம்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முந்தின மாசம்."

பன்னை எடுத்துப் பாதியாகப் பிட்டார். பிறகு சொன்னார்: "எனக்குப் பேச வராது மாப்ளே. சின்ன வயசுல திக்குவாய். உங்க அக்காவுக்கே தெரியாது. வாயைத் திறந்தா சிரிப்பாங்கன்னு மூடியே வச்சிருந்தேன். பேசாம இருந்தா எல்லாரும் மரியாதையா எழுந்து நின்னாங்க. அப்புறம் திக்குவாய் போயிடுச்சு. மரியாதையை விட மனசு வரல."

"டீ போடட்டுமா அத்தான்?" என்றேன். அவர், "நான் போடறேன், நீ உட்காரு" என்றார். போட்டார். சர்க்கரை இல்லை, பாலும் இல்லை, கிட்டத்தட்ட டீயும் இல்லை. நான் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

அன்றிலிருந்து அத்தான் எல்லாரிடமும் முதலில் பேசுவது என்று முடிவெடுத்தார். எதை எடுத்தாலும் முழுமூச்சாகச் செய்கிற மனுஷன், இதையும் அப்படித்தான் செய்தார். முதலில் உங்கள் மாடி வீட்டில் குடியிருப்பவர் கதவைத் தட்டி, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார். இத்தனை வருஷத்தில் அவரோடு வாடகை தவிர வேறு பேச்சே இருந்ததில்லையே. அந்த மனுஷர் வெலவெலத்துப்போய், "சார், அடுத்த வாரமே காலி பண்ணிடறேன் சார்" என்றாராம். சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்டேன் என்று அத்தான் எவ்வளவு சொல்லியும் நம்பாமல் பாதிச் சாமானைக் கட்டிவிட்டார். நான் போய்த்தான் மூட்டையைப் பிரித்தேன்.

அடுத்து சலூன். வருஷக்கணக்காக அந்த நாற்காலியில் கல் மாதிரி உட்கார்ந்துவிட்டு எழுந்து வருபவர், அன்று கண்ணாடியைப் பார்த்து, "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்றிருக்கிறார். சலூன்காரர் பின்னால் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்திருக்கிறார். கத்தரி மட்டும் திரும்பவில்லை. இடது காதுக்கு மேல் இப்போது ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. நீ பார்க்கும்போது சிரித்துவிடாதே.

மூன்றாவதாக ஓட்டுநர் வீடு. இதுதான் முக்கியம். வாசலில் அத்தானைப் பார்த்ததும் அந்த ஆள் உள்ளே ஓடி வண்டிச் சாவியைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார். "சாவி வேண்டாம். உன் பொண்ணு எந்தப் பரீட்சையில பாஸானா?" என்று கேட்டாராம் அத்தான். "அது ஆச்சு சார் மூணு வருஷம், இப்ப வேலைக்கே போறா" என்றாராம் அவர். "அப்போ அங்கேயிருந்து சொல்லு" என்று அத்தான் உட்கார்ந்துவிட்டார். ஓட்டுநர் சொன்னார், அவர் மனைவி சொன்னார், வேலை முடிந்து வந்த மகளும் சொன்னாள். இருட்டுகிற வரைக்கும் பேசியிருக்கிறார்கள். ஓட்டுநர் மறுநாள் கடைக்கு வந்து என்னிடம் சொன்னது: "சார் சிரிச்சாருங்க. ஏழு வருஷத்துல அவருக்குப் பல்லு இருக்கறதே இப்பத்தான் எனக்குத் தெரியும்." சொல்லிவிட்டு அந்த ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் மாவு பட்டதுபோல் பாவனை செய்துகொண்டு துடைத்தேன்.

இப்போது அத்தான் தினம் நம் கடைக்கு வருகிறார். சும்மா உட்கார முடியவில்லை, ஏதாவது வேலை கொடு என்றார். கேக் எழுத்து வேலையைக் கொடுத்திருக்கிறேன். முதல் நாள் எழுத்தெல்லாம் வளைந்தது, இப்போது என்னைவிட நேராக எழுதுகிறார். ஒரு சங்கடம்தான். ஒரு பையன் தன் காதலிக்கு "நீ இல்லாட்டி நான் அவ்ளோதான்" என்று எழுதச் சொன்னான். அத்தான் "நீ இல்லையேல் என் வாழ்வு அவ்வளவே" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பையன் தலையில் அடித்துக்கொண்டு எடுத்துப் போனான். ராத்திரி போன் வந்தது. அந்தப் பெண் அழுதுவிட்டாளாம், சம்மதமாம், அந்த ஐயாவே கல்யாண கேக்குக்கும் எழுத வேண்டுமாம். அத்தான் கேட்டுவிட்டுக் கோனைக் கழுவப் போய்விட்டார். ஆனால் காது சிவந்திருந்தது.

ஆக அக்கா, நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அத்தான் நலம். நீ போன இடத்தில் நிம்மதியாக இரு. குட்டிக்குக் கழுத்து நிற்கிறவரை அங்கேயே இருந்துவிட்டு வா, ஒரு அவசரமும் இல்லை. நீ வரும்போது உன் வீட்டில் வேறொரு மனுஷர் கதவைத் திறப்பார். பயப்படாதே, அது அவர்தான். அந்தச் சொல்லை நான் தப்பாக எழுதியிருக்காவிட்டால் இந்த மனுஷரை நாம் யாருமே பார்த்திருக்க மாட்டோம். அதனால் என்மேல் இருக்கும் கோபத்தை இந்தக் கடிதத்தோடு முடித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உன் மகளுக்கு என் அன்பு. உன் மருமகனுக்கு என் வணக்கம். குட்டியின் இரண்டு உள்ளங்காலுக்கும் மாமன் தாத்தாவின் முத்தம். எல்லாரும் நன்றாக இருங்கள், முடிந்தால் கொஞ்சம் தூங்குங்கள்.

உன் பிரியமுள்ள தம்பி

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஓட்டுநரும் சலூன்காரரும் உங்கள் மாடி வீட்டுக்காரரும் சேர்ந்து கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கேக் வாங்க வரவில்லை. "சார் தினமும் விடியறதுக்கு முன்னாடி வந்து உட்கார்ந்துடறாருங்க, என்னால வேலைக்குப் போக முடியல" என்றார் ஓட்டுநர். "பேசறதுக்குன்னே நாள் தவறாம வர்றாரு, வெட்டறதுக்கு முடியே இல்ல" என்றார் சலூன்காரர். "குளிச்சிட்டு இருக்கேன், கதவுக்கு வெளியில நின்னு சாப்பிட்டீங்களான்னு கேக்கறாரு" என்றார் மாடி வீட்டுக்காரர். "நீங்க கேக்குல எழுதிக் குடுத்தீங்களே ஒண்ணு, அதையே எப்படியாவது அவருக்குத் திருப்பிக் குடுத்துடுங்க" என்று மூவரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். தடுப்புக்குப் பின்னால் அத்தான் கோனோடு நின்றது எனக்குத்தான் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அத்தான் வெளியே வந்தார். கையைத் துடைத்தார். கண்ணாடியை மாட்டினார். "என் பணிவைத் தாங்கற தகுதி இந்த ஊர்ல எவனுக்கும் இல்லை" என்றார். ஒருத்தர் முகத்தையும் பார்க்காமல் நடுத்தெருவில் இறங்கி நடந்தார், வண்டிகள் எல்லாம் நின்று வழிவிட்டன. மூன்று பேரும் எழுந்து நின்று, மனசாரக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அக்கா, குட்டியை உன் மருமகன் பார்த்துக்கொள்ளட்டும். நீ உடனே கிளம்பி வா.